63 வயதுக்குக் கிடைத்த விடை: 2002 ஹார்மோன் ஆய்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஜூலை 9 அன்று, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதியில் நடந்துவந்த ஒரு பெரிய மருந்தாய்வைப் பாதியில் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. மாதவிடாய் நின்ற 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு பெண் ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை. மீதிப்பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுப்பவர்களுக்கும் தெரியாது. எட்டரை ஆண்டுகள் நடக்க வேண்டியது சராசரியாக 5.2 ஆண்டுகளில் நின்றுபோனது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம், இதயநோய் 29 சதவீதம், பக்கவாதம் 41 சதவீதம் கூடுதல் என்று செய்தி பரவியது.

அதுவரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 9 கோடி ஹார்மோன் மருந்துச்சீட்டுகள் எழுதப்பட்டு வந்தன. அடுத்த ஆண்டே அது 5.7 கோடியாக இறங்கியது. ஆய்வில் கொடுக்கப்பட்ட அதே கூட்டு மாத்திரையின் சீட்டுகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. 2003 ஜனவரியில் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் ஈஸ்ட்ரோஜன் உள்ள எல்லா மருந்துகளின் மீதும் கட்டமிட்ட எச்சரிக்கையை, தன் எச்சரிக்கைகளிலேயே மிகக் கடுமையானதை, ஏற்றியது. மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, பிறப்புறுப்பில் மட்டும் தடவும் குறைந்த அளவு களிம்பு என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. 2025 நவம்பர் 10 அன்று, அந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அதே நிர்வாகம் அறிவித்தது.

இந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அந்த ஆய்வு பொய் என்று ஆகிவிடவில்லை. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்போது பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். 2002இல் வெளியான எண்கள் இன்றும் நிற்கின்றன. ஆய்வு ஒரு கேள்வியைக் கேட்டு அதற்கு நேர்மையாக விடை சொன்னது. அந்த விடையை வேறொரு கேள்விக்கு, வேறொரு வயதுக்கு, வேறொரு மருந்துக்கு எடுத்து ஒட்டியதில்தான் பிழை. அந்தப் பிழையை அவிழ்க்கப் போனவர்கள் அழற்சி, கல்லீரல், இரத்தக் குழாய், சர்க்கரை பற்றி முன்பு தெரியாத பலவற்றைக் கண்டார்கள். என்னை இந்த நிகழ்வை எழுத வைத்தது அந்தப் பகுதிதான்.

அதற்கு முன் இருந்த நம்பிக்கை

கருவுற்ற பெண் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை 1942 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது. 1975இல் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் பல மடங்கு கூடுதல் என்று இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் காட்டின. ஈஸ்ட்ரோஜன் அந்தப் படலத்தை வளர்க்கும். தனியாக எடுக்கும்போது அதை அடக்க எதிர் ஹார்மோன் இல்லை. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுப்பது அப்போதுதான் வழக்கமானது. பின்னால் வரப்போகும் பல குழப்பங்களின் வேர் இந்த இரண்டாவது மருந்தில் இருக்கிறது.

அடுத்து இதயம் வந்தது. 1976இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு 1,21,700 செவிலியரைத் தொடர்ந்து கவனித்தது. ஹார்மோன் எடுப்பவர்களுக்கு இதயநோய் ஏறக்குறையப் பாதிதான் என்று 1991இல் அது சொன்னது. கெட்ட கொழுப்பு இறங்குகிறது, நல்ல கொழுப்பு ஏறுகிறது என்று ரத்தப் பரிசோதனைகளும் துணைக்கு வந்தன. மாதவிடாய் நின்ற பிறகுதான் பெண்களுக்கு மாரடைப்பு கூடுகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். எல்லாம் பொருந்தியது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று சூடேறி வியர்க்கும் உடல் கொதிப்பு, தூக்கமின்மை என்ற தொல்லைகளுக்காக இருந்த மருந்து, தொல்லையே இல்லாத பெண்களுக்கும் இதயக் காப்பாக எழுதப்படலாயிற்று. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து அதைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு யாரிடமும் இல்லை.

1991இல் பெர்னடின் ஹீலி, தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர், பெண்கள் நல முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கினார். 50 முதல் 79 வயதுவரை 1,61,808 பெண்கள், 40 மையங்கள். 2002இல் நிறுத்தப்பட்ட ஆய்வு இதன் ஒரு பகுதி. பெண்களின் நோய்களுக்கு அதுவரை அந்த அளவில் யாரும் பணமும் கவனமும் ஒதுக்கியதில்லை. அந்தத் திட்டத்தை இன்று பழிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

யாரைச் சேர்த்தார்கள்

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. ஆய்வின் கேள்வி, ஹார்மோன் இதயநோயைத் தடுக்குமா என்பது. 51 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு அரிது. அவளை மட்டும் சேர்த்தால், ஒரு வித்தியாசம் தெரிய பல பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். ஆகவே மூத்த பெண்களைச் சேர்த்தார்கள். கூட்டு மாத்திரை ஆய்வில் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் 60ஐத் தாண்டியவர்கள்; ஐந்தில் ஒருவர் 70ஐத் தாண்டியவர். மூன்றில் ஒருவருக்கு உடற்பருமன். மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். பாதிப்பேர் புகைப்பவர்கள் அல்லது முன்பு புகைத்தவர்கள்.

கடும் உடல் கொதிப்பு உள்ள பெண்களை இது ஈர்க்கவும் இல்லை. தனக்குக் கிடைப்பது வெறும் மாத்திரையா என்று சில வாரங்களில் அவளுக்கே தெரிந்துவிடும். இரவு முழுக்க வியர்த்துக் கொட்டும்போது வெறும் மாத்திரையை ஐந்து ஆண்டு யார் விழுங்குவார்கள்? ஆக, மருத்துவரிடம் ஹார்மோன் கேட்டு வரும் பெண் எப்படிப்பட்டவளோ, அவள் இந்த ஆய்வில் சிறுபான்மை.

கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் இது தவறான வடிவமைப்பு அல்ல. 63 வயதில் இதயத்துக்காக ஹார்மோன் தொடங்கலாம் என்று உண்மையிலேயே மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு விடை கிடைத்தது: வேண்டாம்.

சதவீதமும் தலையெண்ணிக்கையும்

அதே 2002 கட்டுரையில் இன்னொரு வகைக் கணக்கும் இருந்தது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு கூட்டு மாத்திரை எடுத்தால் 7 பேருக்குக் கூடுதலாக இதயநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு நுரையீரலில் இரத்த உறைவு, 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். மறுபுறம் 6 பேருக்குக் குறைவாகப் பெருங்குடல் புற்றுநோய், 5 பேருக்குக் குறைவாக இடுப்பெலும்பு முறிவு. மொத்த மரணத்தில் வேறுபாடு இல்லை. மார்பகப் புற்றுநோய் பத்தாயிரத்தில் 30 என்பது 38 ஆனது. 26 சதவீதம் என்ற தலைப்புச் செய்தி இந்த எட்டுப் பேரைத்தான் குறித்தது.

எட்டுப் பேர் சிறிய எண் என்று நான் சொல்ல வரவில்லை. நலமாக இருக்கும் பெண்ணுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கும்போது, கோடிக்கணக்கான சீட்டுகளில், அந்த எட்டு பெரிய எண்தான். ஆய்வின் பாதுகாப்பைக் கவனித்த கண்காணிப்புக் குழு அதை நிறுத்தச் சொன்னது சரி. ஆனால் மூன்று ஆண்டுகளாகத் தூங்காத 50 வயதுப் பெண்ணின் கையில் இருக்க வேண்டியது சதவீதம் அல்ல, இந்தத் தலையெண்ணிக்கை. அவளுக்கு அது கொடுக்கப்படவில்லை.

2004இல் மறுபாதி வந்தது. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்குப் புரோஜெஸ்டின் தேவையில்லை; அவர்களில் பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த ஆய்வு இது. பக்கவாதம் கூடியதால் இதையும் நிறுத்தினார்கள். ஆனால் இதயநோய் கூடவில்லை. மார்பகப் புற்றுநோய், எல்லாரும் அஞ்சியதற்கு மாறாக, குறைவாக இருந்தது. அப்போது அது தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லையில் நின்றது. 2020இல் இருபதாண்டுத் தொடர்ச்சி வெளியானபோது ஐயம் விலகியது: ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 22 சதவீதம் குறைவு, அதனால் மரணம் 40 சதவீதம் குறைவு. கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதலாகவே இருந்தது.

ஒரே ஈஸ்ட்ரோஜன், இரு திசைகள். ஹார்மோன் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆய்வில் பயன்பட்ட புரோஜெஸ்டின் செயற்கையானது. இயற்கைப் புரோஜெஸ்டிரோனோடு தொடர்புடையது என்றாலும் உடலில் வேறு ஏற்பிகளையும் (ஹார்மோன் வந்து பொருந்தும் செல் புரதங்கள்) தட்டுகிறது. பிரான்சில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு நுண்துகளாக்கிய இயற்கைப் புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களிடம் புற்றுநோய்க் கூடுதல் தெரியவில்லை; செயற்கைப் புரோஜெஸ்டின்களோடு எடுத்தவர்களிடம் தெரிந்தது. இது சீட்டுக் குலுக்கிய ஆய்வு அல்ல. செவிலியர் ஆய்வை நம்பி ஏமாந்த பிறகு இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. என்றாலும் இரண்டையும் ஒரே மருந்தாக எண்ணுவது சரியில்லை என்பதற்கு இது போதும்.

இரத்தக் குழாயின் வயது

2007இல் அதே ஆய்வாளர்கள் தங்கள் தரவையே வயது வாரியாகப் பிரித்தார்கள். மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கியவர்களிடம் இதயநோய் கூடவில்லை. 24 சதவீதம் குறையும் போக்குக்கூடத் தெரிந்தது, ஆனால் அதைத் தற்செயலிலிருந்து பிரிக்க எண்ணிக்கை போதவில்லை. இருபது ஆண்டுகள் கடந்து தொடங்கியவர்களிடம் 28 சதவீதம் கூடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வு.

அமெரிக்காவில் தாமஸ் கிளார்க்சன் குரங்குகளில் இதை முன்பே பார்த்திருந்தார். கருமுட்டைப் பைகளை அகற்றிய உடனே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்து, படிவு வந்த பிறகு கொடுத்தால் ஒரு பயனும் இல்லை.

ஏன் இப்படி என்று கேட்டால் அழற்சிக்குள் நுழைய வேண்டும். தமனியின் உட்சுவர் நலமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதன் செல்களில் உள்ள ஏற்பிகளைப் பற்றி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கிறது. குழாய் தளர்கிறது. வெள்ளணுக்களைச் சுவரில் ஒட்டவைக்கும் பசை மூலக்கூறுகள் குறைகின்றன. கொழுப்பை விழுங்கி வீங்கும் அழற்சிச் செல்கள் உள்ளே புகுவதே மட்டுப்படுகிறது. அதாவது, படிவு தோன்றுவதைத் தடுக்கும் வேலை.

படிவு தோன்றிவிட்டால் காட்சி மாறுகிறது. ஏற்பிகள் குறைந்திருக்கின்றன. படிவில் குவியும் கொழுப்பின் ஒரு வழிப்பொருள், 27-ஹைட்ராக்சிகொலஸ்டிரால், மிச்சமிருக்கும் ஏற்பிகளில் போய் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று 2007இல் காட்டப்பட்டது. படிவின் மேல் உள்ள நார் மூடியை அரிக்கும் நொதிகளை ஈஸ்ட்ரோஜனே தூண்டக்கூடும். மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும். உறையும் தன்மையை வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கிறது. மூத்த பெண்களிடம் ஆபத்து முதல் ஆண்டிலேயே ஏறியதற்கு இது பொருந்தும் விளக்கம். 1998இல், ஏற்கெனவே இதயநோய் உள்ள 2,763 பெண்களிடம் நடந்த ஆய்விலும் இதே வடிவம் இருந்தது: முதல் ஆண்டில் கூடுதல், பிறகு சமன்.

இந்தக் கருத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. 643 பெண்கள். ஒரு பிரிவினருக்கு மாதவிடாய் நின்று ஆறு ஆண்டு ஆகவில்லை. மற்றவர்களுக்குப் பத்து ஆண்டு கடந்துவிட்டது. கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். முதல் பிரிவில் வெறும் மாத்திரையோடு சுவர் ஆண்டுக்கு 0.0078 மில்லிமீட்டர் தடித்தது, ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ரடையாலோடு 0.0044. இரண்டாம் பிரிவில் வேறுபாடு இல்லை. ஆனால் 727 பெண்களிடம், எல்லாரும் மாதவிடாய் நின்று மூன்றாண்டுக்குள் உள்ளவர்கள், நடந்த இன்னொரு ஆய்வில் நான்கு ஆண்டுகளில் சுவர்த் தடிப்பில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆகையால் சீக்கிரம் தொடங்கினால் இதயம் காக்கப்படும் என்று என்னால் எழுத முடியாது. சீக்கிரம் தொடங்கினால் இதயத்துக்குக் கேடு தெரியவில்லை என்பதுவரை உறுதியாக எழுதலாம்.

கல்லீரல் என்னும் முதல் வாசல்

விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. உடலின் மற்ற பகுதிகளுக்குச் சேரும் முன் கல்லீரல் பெரும் அளவைச் சந்திக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் சிஆர்பி என்ற அழற்சிக் குறியீட்டையும் உற்பத்தி செய்வது அதே கல்லீரல்தான்.

1990களின் இறுதியில் வாய்வழி ஹார்மோன் எடுத்த பெண்களிடம் சிஆர்பி சுமார் 85 சதவீதம் ஏறியது கண்டபோது பலர் பதறினார்கள். சிஆர்பி கூடினால் மாரடைப்பு ஆபத்து என்று அப்போதுதான் நிறுவப்பட்டு வந்தது. ஹார்மோன் அழற்சியை மூட்டுகிறதா? சிஆர்பியை வழக்கமாகத் தூண்டுவது இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி மூலக்கூறு. அது ஏறவில்லை. தோலில் ஒட்டும் பட்டை வழியே அதே ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் சிஆர்பியும் ஏறவில்லை. அப்படியானால் எங்கோ தீப்பற்றி அதன் புகையாகச் சிஆர்பி எழவில்லை. கல்லீரலே நேரடியாகத் தூண்டப்பட்டுச் சுரக்கிறது. ஒரு குறியீட்டின் எண்ணை அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் படிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உறைவுக்கும் இதே கதைதான், ஆனால் இங்கே உயிர் சம்பந்தப்பட்டது. 2007இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, சிரைகளில் இரத்த உறைவு வந்த பெண்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் ஆபத்து நான்கு மடங்கு. பட்டை ஒட்டியவர்களிடம் கூடவே இல்லை. 2019இல் பிரிட்டனில் 80,396 உறைவு நோயாளிகளின் மின்னணு மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வும் அதையே சொன்னது. எத்தனையோ பொதுமருத்துவர்கள் அன்றாடம் கணினியில் தட்டிய குறிப்புகளிலிருந்து எடுத்த விடை அது. அந்த எண்ணிக்கையைச் சீட்டுக் குலுக்கும் ஆய்வில் திரட்டுவது நடக்காத காரியம்.

2002 ஆய்வில் யாருக்கும் பட்டை கொடுக்கப்படவில்லை. ஆனாலும் பட்டையின் பெட்டியிலும் அதே உறைவு எச்சரிக்கை இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது.

சர்க்கரை

யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து ஒரு நன்மை வந்தது. கூட்டு மாத்திரை எடுத்தவர்களிடம் புதிதாக நீரிழிவு 21 சதவீதம் குறைவு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் 12 சதவீதம் குறைவு. 1998 ஆய்வின் இதயநோயாளிப் பெண்களிடமும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எடை வித்தியாசம் மட்டும் இதை விளக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜன் போனதும் கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்குள் இடம் மாறுகிறது. உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பில் அழற்சிச் செல்கள் குடியேறி, இன்சுலினை எதிர்க்கும் மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. இது பெண்களுக்கு மட்டுமான விதியும் அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994இல் அறிக்கை வந்தது. வயது 28, எலும்பு வளர்ச்சி முடியவில்லை, எலும்பு அடர்த்தி குறைவு, சர்க்கரையைக் கையாளும் திறனும் கெட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜனை இனப்பெருக்க ஹார்மோன் என்று மட்டும் எண்ணியவர்களைத் திருப்பிப் போட்ட ஒற்றை நோயாளி அவர்.

இதே வளர்சிதை மாற்றம் எதிர்ப்பக்கமும் வெட்டுகிறது. 2002 ஆய்வின் பெண்களைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே வயிற்றுப் பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை ஒன்றுகூடிய வளர்சிதைக் கூட்டறிகுறி உள்ளவர்களிடம்தான் ஹார்மோன் இதயநோயை இருமடங்குக்கு மேல் கூட்டியது. அது இல்லாதவர்களிடம் கூட்டவில்லை. நீரிழிவைத் தடுக்க ஹார்மோன் கொடுப்பது என்று இதிலிருந்து தாவக்கூடாது. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2022இலும், நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் ஹார்மோன் வேண்டாம் என்றே சொன்னது. என் பார்வையில் அது சரி.

பழைய தரவு, புதிய கணக்கு

செவிலியர் ஆய்வு ஏன் அவ்வளவு தவறியது என்ற கேள்வி பல ஆண்டுகள் உறுத்தியது. வசதியும் உடல்நல அக்கறையும் உள்ள பெண்களே ஹார்மோன் எடுத்தார்கள், அதனால்தான் என்பது வழக்கமான பதில். அது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல.

மிகேல் ஹெர்னானும் உடனாய்வாளர்களும் 2008இல் வேறொன்று செய்தார்கள். செவிலியர் தரவையே எடுத்து, சீட்டுக் குலுக்கிய ஆய்வு ஒன்று நடந்திருந்தால் எப்படி எண்ணியிருப்பார்களோ அப்படி எண்ணினார்கள். பழைய கணக்கு, இப்போது எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. இப்போது எடுப்பவர்கள் யார்? முதல் ஓரிரு ஆண்டுகளின் ஆபத்தைத் தாண்டித் தப்பியவர்கள். கேள்வித்தாள் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் போகும். நடுவில் தொடங்கி, நடுவிலேயே மாரடைப்பு வந்த பெண், தொடங்காதவள் கணக்கில் சேர்ந்துவிடுவாள். புதிய கணக்கில் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆபத்து கூடும் போக்கு தெரிந்தது; முழுக் காலத்துக்கும் சேர்த்தால் பாதுகாப்பு மறைந்தது. வயதும் மாதவிடாய் நின்ற காலமும் ஒத்துப்போகும்படி ஒப்பிட்டால், இரண்டு ஆய்வுகளும் பெருமளவு ஒரே விடையைச் சொன்னன.

இந்த முறைக்கு இலக்கு ஆய்வுப் பாவனை என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று மின்னணு மருத்துவப் பதிவுகளைக் கொண்டு மருந்துகளை மதிப்பிடுகிற பல இடங்களில் இது பயன்படுகிறது. லட்சக்கணக்கான பதிவுகள் கையில் இருந்தாலும், எண்ணத் தொடங்கும் நாளைத் தவறாக வைத்தால் அத்தனையும் சேர்ந்து தவறாகச் சொல்லும். கணிப்பு மாதிரிகளையும் செயற்கை நுண்ணறிவையும் இந்தப் பதிவுகளில் ஏற்றும் இன்று, ஹார்மோன் நிகழ்வை அதைச் செய்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறுத்தியவர்களுக்கு என்ன ஆயிற்று

2003இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் நிகழ்வு முந்தைய ஆண்டைவிட 6.7 சதவீதம் குறைந்தது. 50ஐத் தாண்டியவர்களிடமும் ஹார்மோனுக்கு வளரும் கட்டிகளிலும்தான் இறக்கம் தெரிந்தது. ஹார்மோன் நிறுத்தப்பட்டதே முதன்மைக் காரணம் என்று அதை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். பயம் சிலரைக் காத்தது. அதை மறைப்பது நேர்மையாகாது.

மறுபக்கத்தில் உடல் கொதிப்பு நிற்கவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறி, வியர்த்து, பிறகு நடுங்கவைக்கும் அந்தத் தொல்லை சராசரியாக 7.4 ஆண்டுகள் நீடிக்கிறது என்று அமெரிக்கப் பெண்களின் நீண்ட ஆய்வொன்று 2015இல் காட்டியது. அதுவரை ஓரிரு ஆண்டில் தானாகப் போய்விடும் என்றே பெண்களிடம் சொல்லி வந்தார்கள். ஏழு ஆண்டு அரைத் தூக்கத்தை, பொறுத்துக்கொள் என்று கடந்துபோனதை என்னால் சிறிய விஷயமாகப் பார்க்க முடியவில்லை. ஹார்மோனைவிடச் சிறப்பாக அதை அடக்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஹார்மோன் எடுக்கக்கூடாதவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்றோருக்கு, ஒரு வழி மூளையிலிருந்து திறந்தது. ஹைப்போதலாமஸில் உள்ள ஒரு நரம்புச் செல் கூட்டம் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பருத்து, நியூரோகைனின்-பி என்ற பொருளை மிகையாக வெளியிட்டு, பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்புகிறது. அந்தச் சைகையைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்ததால் 2024 டிசம்பரில் அதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. அதே குடும்பத்தில் எலின்சனெட்டன்ட் 2025இல் வந்தது. இவை கொதிப்பை அடக்கும். எலும்பைக் காக்காது.

2025

நவம்பர் அறிவிப்பு, இதயநோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கச் சொன்னது. 60 வயதுக்கு முன் அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குவது நல்லது என்ற வழிகாட்டலும் சேர்ந்தது. உடல் முழுதும் பரவும் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பை உட்படலப் புற்றுநோய் என்ற எச்சரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. 1975இன் பாடம் அசையவில்லை.

பிறப்புறுப்புக் களிம்பின் மேலிருந்த எச்சரிக்கை போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகச் சிறிது. 2002 திட்டத்திலேயே இருந்த பெண்களைக் கவனித்தபோது, களிம்பு பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோயோ இதயநோயோ கூடவில்லை. பெட்டியைப் பிரித்து எச்சரிக்கையைப் படித்துவிட்டு வலியோடு வாழ்ந்த பெண்கள் எத்தனை பேரோ.

ஆனால் அறிவிப்பைச் சுற்றி எழுந்த பேச்சு, ஹார்மோன் இதயத்தையும் மூளையையும் காக்கும் என்று மீண்டும் சாய்கிறது. 1991இல் நின்ற இடத்துக்கு அது வெகு அருகில் இருக்கிறது. 50 வயதில் தொடங்கி, தோல்வழி எஸ்ட்ரடையாலும் இயற்கைப் புரோஜெஸ்டிரோனும் எடுத்து, மாரடைப்பையும் மரணத்தையும் எண்ணும் அளவுக்குப் பெரிய, சீட்டுக் குலுக்கிய ஆய்வு இதுவரை நடக்கவில்லை. அந்த வயதில் மாரடைப்பு அரிது என்பதால் பல பத்தாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். மூத்த பெண்களைச் சேர்க்க 1990களில் சொல்லப்பட்ட அதே காரணம்தான் இன்றும் தடையாக நிற்கிறது.